புகையில்லாத அடுப்பு

1996 டிசம்பர் 14, சனிக்கிழமை காலை, மேற்கு நார்வேயின் வோஸ் வட்டாரத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரியாக இருந்தது. காற்று இல்லை.

காற்றில்லாத நாளில் ஏரிச் சரிவில் இருக்கும் பண்ணைகளின் புகை நேராக மேலே போகும். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கணப்புப் புகை மெல்லியதாக வரும். பீர் காய்ச்சுகிற அடுப்புவீட்டின் புகை தடியாக, விடியலிலிருந்து மாலை வரை விடாமல் வரும். ஸ்டைனார் பால் கறந்து முடித்து, வாளியைக் கீழே வைக்காமலேயே முற்றத்தின் ஓரத்துக்கு வந்து நின்று பார்த்தான். எதிர்க்கரையில் தடியான புகைகள் தெரிந்தன. நேர் கீழே, தம்பி ஹெல்கேயின் அடுப்புவீட்டுக் கூரையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

புனித தோமா நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. டிசம்பர் 21க்குள் கிறிஸ்துமஸ் பீரைக் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றிவிட வேண்டும். அன்று சரிவிலுள்ள ஆண்கள் எல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கி ருசி பார்ப்பார்கள். இன்றைக்குக் காய்ச்சாதவன் பீர் அன்றைக்குக் குடிக்கிற பதத்துக்கு வராது.

சமையலறைக்குள் நுழையும்போது ஸ்டைனாரின் முகம் தெளிந்திருந்தது. அவன் மனைவி குன்வோர் அதைக் கவனித்தாள்.

"கீழ புகையே இல்ல," என்றான்.

"கேஸ்ல புகை வராது."

"என்ன கேஸு?"

"மாரித் நேத்து கடையில சொன்னா. ஹெல்கே பெரிய பர்னர் ஒண்ணும் ரெண்டு சிலிண்டரும் வாங்கிட்டு வந்திருக்கானாம். விடியக்காலையிலேயே ஜூனிப்பர் கிளையெல்லாம் வெட்டி உள்ள கொண்டு போயிட்டான். நீ கொட்டில்ல இருந்தே."

ஸ்டைனார் வாளியை வைத்தான். "அப்பாவோட அண்டாவுக்கு அடியில கேஸா?"

"உன் அடுப்பைக் கேட்டான். நீ குடுக்கல."

"நான் காய்ச்சுற நாளுன்னு சொன்னேன்."

"இன்னைக்குத்தானே அந்த நாளு? போய்ப் பாரு, உன் அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு."

அது உண்மை. ஸ்டைனார் போன சனிக்கிழமையே காய்ச்சிவிட்டிருந்தான்.

அடுப்பைக் கேட்டது நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புகையூட்டி அவித்த ஆட்டுத்தலை சமைத்திருந்தார்கள். ஹெல்கேயும் அவன் மனைவி மாரித்தும் வந்திருந்தார்கள். புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து சோதிக்கிற ஓலாவும் வந்திருந்தார். அவர் குன்வோருக்குத் தூரத்து உறவு. தலைக்கறி என்றால் கூப்பிடாமலே வருவார். அந்த வாரம்தான் ஹெல்கேயின் அடுப்புவீட்டைப் பார்த்துவிட்டு, அதில் தீ மூட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். அடுப்பின் பின்கல் பிளந்திருந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்த உத்திரம் கட்டைவிரல் ஆழத்துக்குக் கரியாகியிருந்தது.

"இன்னொரு தடவை விறகு போட்டேன்னா நீ பீரைக் காய்ச்ச மாட்டே, வீட்டைத்தான் காய்ச்சுவே," என்றார் ஓலாவ், ஆட்டுக்காதைக் கத்தியால் அறுத்தபடி. காதையும் கண்ணையும் சூட்டோடு முதலில் தின்றுவிட வேண்டும். கொழுப்பு உறைந்தால் தொண்டையில் இறங்காது.

"சரி, கல்லை மாத்தணும். அது வசந்தத்துலதான் முடியும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்ன பண்றது?" என்றான் ஹெல்கே.

"கடையில வாங்கிக் குடி," என்றாள் மாரித்.

"அதுக்கு நான் தண்ணியே குடிச்சிட்டுப் போறேன். ஓலாவ், கரண்டுல முடியுமா? சுருள் கம்பியை அண்டாக்குள்ளேயே இறக்கிடறாங்களே."

"உன் வீட்டு ஃப்யூஸு தாங்காது. மாரித் ரொட்டி சுடறப்போ நீ ரேடியோ போட்டாலே விளக்கு மங்குது. அப்புறம் யோசிச்சுப் பாரு, செம்பு அண்டா, ஈரத்தரை, ஈரக்கை. நீயா கம்பியை இழுத்து வச்சேன்னா நான் சாவுக்குத்தான் வரணும்."

"சமையல் ஸ்டவ்?"

குன்வோர் சிரித்துவிட்டாள். "நூத்தம்பது லிட்டர் அண்டாவை அது மேல வச்சா ஸ்டவ்வு நிலவறைக்குப் போயிடும்."

"அப்ப கேஸு."

"கேஸு நல்லதுதான். பொறி பறக்காது, உத்திரத்துக்கும் பயமில்ல. ஆனா வெளிய வை," என்றார் ஓலாவ்.

"டிசம்பர்ல வெளிய வச்சா அது ஈஸ்டருக்குத்தான் கொதிக்கும்."

"சுத்தி தகரம் நிறுத்து. உள்ளதான் வைப்பேன்னா கதவும் திறந்திருக்கணும், கூரையில புகைக்கதவும் திறந்திருக்கணும்."

"புகையே வராத அடுப்புக்கு எதுக்கு ஓலாவ் புகைக்கதவு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓலாவும் சிரித்தார். "நீ திறந்து வைடா," என்று மட்டும் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஹெல்கே அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்க அடுப்புதான் நல்லா இருக்கே. ஒரே ஒரு நாள். விறகும் நானே கொண்டாந்துடறேன். அண்டாவைச் சறுக்குவண்டியில வச்சு இழுத்துட்டு வந்துடுவேன்."

ஸ்டைனார் தாடை எலும்பிலிருந்து கறியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எந்தச் சனிக்கிழமை?"

"பதினாலு."

"அன்னைக்கு நானே போடறேன்."

"அதுக்கு முந்தின சனி?"

"அதைப் பத்தி இன்னும் யோசிக்கல."

மாரித் குன்வோரைப் பார்த்தாள். குன்வோர் காபி கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனாள்.

அந்த அண்டாவைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. அப்பா இறந்தபோது வழக்கப்படி பண்ணை முழுவதும் மூத்தவன் ஸ்டைனாருக்கு வந்தது. வயல், காடு, இருபது மாடு, டிராக்டர், ஏரியில் படகுத்துறை. பண்ணையைத் துண்டு போடுவதில்லை. இளையவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வீடு கட்ட ஏரிப்பக்கம் ஒரு துண்டு நிலமும் பீர் அண்டாவும் போதும் என்றான் ஹெல்கே. ஸ்டைனாருக்கு அன்று தம்பி மேல் பாசமாகக்கூட இருந்தது. இவ்வளவு குறைவாகக் கேட்கிறானே என்று நினைத்தான்.

அடுத்த தோமா நாளிலிருந்து அது மாறியது. ஆட்கள் ஹெல்கேயின் வீட்டுக்கு முதலில் போனார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேலே ஸ்டைனார் வீட்டுக்கு ஏறி வரும்போது வயிறு நிறைந்து, நாக்கு மரத்து, ஒரு கிண்ணத்தை ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். ஹெல்கேயின் பீரைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. "அப்படியே உங்கப்பா பீருடா" என்பார்கள்.

ஸ்டைனார் பெர்கனிலிருந்து அதே அளவில் செப்பு அண்டா வாங்கினான். அப்பாவின் ஈஸ்டை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முளைகட்டிய பார்லியான மால்ட்டும், பீருக்கு மணம் தருகிற ஜூனிப்பரும் ஒன்றுதான். அதே சரிவில் வளர்ந்த புதர். ஆனால் "நல்லாத்தான் இருக்கு" மாறவில்லை. ஒருமுறை குன்வோரே ஹெல்கே வீட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு, "மாமா இருந்தப்போ குடிச்ச மாதிரியே இருக்கு," என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை ஸ்டைனார் ஆறு வருடமாக மறக்கவில்லை. அவள் சொன்னதையே மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம், இரவல் வாங்கிய பனிவாரியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஸ்டைனார் கீழே இறங்கினான். இரவல் வாங்கி மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது.

அடுப்புவீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சீறல் கேட்டது. கதவைத் தள்ளினால் பாதிக்கு மேல் நகரவில்லை. அடியில் கோணிச்சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தான் ஹெல்கே.

"சீக்கிரம் வாண்ணே, சாத்து சாத்து. சூடெல்லாம் போயிடும்."

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்டைனாருக்கு அதுவே விசித்திரமாகப் பட்டது. காய்ச்சுகிற நாளில் அடுப்புவீடு என்றால் முன்பக்கம் வேகும், முதுகு உறையும், கண் எரியும். கண் எரிகிறபோது கழியை எடுத்து மேலே புகைக்கதவைத் தள்ளித் திறப்பார்கள். எரிச்சல் அடங்கியதும் நிறுத்துவார்கள். இங்கே கண் எரியவில்லை. கழி மூலையில் சாய்ந்திருந்தது. புகைக்கதவு மூடியிருந்தது. அதன் மேல் பனி குவிந்து கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தான்.

"சிலிண்டர் உள்ளயா இருக்கு?"

"வெளியதான் வச்சேன். உறைஞ்சுபோய்த் தீயே வரல. உள்ள கொண்டாந்ததும்தான் வேகம் பிடிச்சுது. பாரேன் எப்படி எரியுதுன்னு."

ஸ்டைனார் குனிந்து பார்த்தான். நீலத் தீயின் நுனிகள் மஞ்சளாக நீண்டு அண்டாவின் அடியை நக்கிக்கொண்டிருந்தன. செம்பின் மேல் கரி பிடித்திருந்தது. அப்பா மோரும் மணலும் போட்டுத் தேய்க்கச் சொன்ன அண்டா அது. கரி பிடிக்கட்டும் என்று ஸ்டைனார் நினைத்தான். கரி வாசனை உள்ளே கொதிக்கிற மால்ட்டுச் சாற்றில் ஏறட்டும்.

"தலை லேசா வலிக்குது," என்று ஹெல்கே நெற்றியைத் தேய்த்தான். முகம் சிவந்திருந்தது. "ராத்திரி சரியா தூங்கல. இந்த வருஷம் பீரே இல்லாம போயிடுமோன்னு ஒரே யோசனை. இந்தா, குடிச்சுப் பாரு."

அகப்பையில் சாற்றை மொண்டு நீட்டினான். ஸ்டைனார் ஊதிக் குடித்தான். இனிப்பு முதலில் வந்தது. பிறகு ஜூனிப்பரின் பிசின் மணம், பிறகு ஹாப் பூவின் கசப்பு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று தள்ளாமல். கரி வாசனை இல்லை. விறகில்லாமல், வெடித்த அடுப்பில், கடைச் சிலிண்டரை வைத்துக்கொண்டு இவன் இதைச் செய்திருக்கிறான்.

"எப்படி இருக்கு?"

"தண்ணியா இருக்கு."

"அப்படியா?" ஹெல்கே தானும் ஒரு வாய் குடித்தான். அண்ணனின் நாக்கை அவன் எப்போதும் நம்புவான். "எனக்கு இன்னைக்கு ருசியே சரியா தெரியல. நிறுத்திடலாம்னு இருந்தேன். அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் வத்தட்டும்."

குனிந்து தீயைக் கூட்டினான்.

"மாரித் எங்க?"

"சர்ச்சுல பாட்டு ஒத்திகை. சாயங்காலம்தான் வருவா. ஈஸ்ட் ஊத்தறப்போ என் கூச்சலைக் கேளுண்ணே இன்னைக்கு. எதிர்க்கரையில மாடு கயித்தை அறுத்துக்கும்."

"பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு ஸ்டைனார் வெளியே வந்தான். பின்னால் கதவு சாத்துகிற சத்தமும், சாக்கைக் காலால் உள்ளே தள்ளுகிற சத்தமும் கேட்டன.

கொதித்த சாறு கைச்சூட்டுக்கு ஆறியதும் ஈஸ்ட் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவன் அந்த நொடியில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாமல் ஊற்றினால் பீர் செத்துப்போகும் என்று நம்புகிறவர்களும் உண்டு, நம்பாமல் கத்துகிறவர்களும் உண்டு. கத்தாதவர் யாரும் இல்லை. அப்பா காலத்தில், கீழே யாராவது கத்தினால் மேலே இருக்கிறவர்கள் பதிலுக்குக் கத்துவார்கள். அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் அதற்காகவே முற்றத்தில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். இப்போது ஹெல்கே கத்தும்போது ஸ்டைனார் கொட்டிலுக்குள் போய்விடுவான்.

அன்று போகவில்லை. இருட்டிய பிறகு வாசற்படியில் ஆட்டுத்தோலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். குன்வோர் காபியும் வெல்லநிறத்து ஆட்டுப்பால் சீஸும் வைத்துவிட்டு உள்ளே போனாள். எதிர்க்கரையில் ஒரு கூச்சல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஏரியின் முனையில் இன்னொன்று. பனியில் சத்தம் பக்கத்துக் கூடத்திலிருந்து வருவதுபோல வந்தது. கீழே மட்டும் ஒன்றும் இல்லை.

"இன்னும் கத்தலியா?" உள்ளேயிருந்து குன்வோர் கேட்டாள்.

"இல்ல."

"ஆற நேரமாகும்."

"இந்தக் குளிர்லயா? கேன்ல ஊத்தி வெளிய வச்சா அரை மணியில ஆறிடும்."

மறுபடி உட்கார்ந்திருந்தான். காபி ஆறிப்போயிருந்தது; ஆனாலும் ருசியாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, கீழே இருக்கிற இருட்டைப் பார்ப்பது அவனுக்கு இதமாக இருந்தது. சாறு அடிபிடித்திருக்கும். அல்லது கேஸ் தீர்ந்து பாதியில் நின்றிருக்கும். தோமா நாளில் ஆட்கள் கீழே போய், கை விரித்து நிற்கிற ஹெல்கேயைப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு, தெளிந்த நாக்கோடு நேரே மேலே ஏறி வருவார்கள். அவர்கள் வாசலில் பனியைத் தட்டுகிற சத்தத்தைக்கூட அவன் கேட்டுவிட்டான்.

எழுந்து உள்ளே போய் நல்ல ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டான்.

"எங்க கிளம்பிட்டே?"

"சும்மா கீழ போய்ப் பார்த்துட்டு வரேன். என்னாச்சோ பாவம்."

குன்வோர் அவன் முகத்தைப் பார்த்தாள்.

இறங்கும்போது மெதுவாகத்தான் இறங்கினான். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனான். "என்னடா, மாடு இன்னும் கயித்துலதான் இருக்கு?" என்பது நன்றாக இருந்தது. அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லியும் பார்த்தான்.

அடுப்புவீட்டில் சீறல் இல்லை. ஜன்னலில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினான், கூப்பிட்டான். தள்ளியபோது, சாக்கைவிடக் கனமான எதுவோ தடுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். இடுக்கில் ஒரு கை தெரிந்தது. அது சாக்கின் ஓரத்தைப் பிடித்திருந்தது. பாதி இழுத்து வெளியே எடுத்துவிட்டிருந்தது.

தம்பியைத் தோள்பட்டையில் பிடித்துப் பனியில் இழுத்துப் போட்டான். முகம் சிவப்பாக, வெயிலில் வைக்கோல் அள்ளிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஸ்டைனார் மேலே பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. ஏரியைச் சுற்றியிருந்தவர்களுக்கும் வார்த்தை ஏதும் புரியவில்லை. எதிர்க்கரையில் யாரோ அதை ஈஸ்ட் கூச்சல் என்று நினைத்துச் சந்தோஷமாகப் பதில் கத்தினார்கள்.

குன்வோருக்குப் புரிந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுத்தான் ஓடி வந்தாள்.

ஹெல்கே பிழைத்தான். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். சிலிண்டர் தீர்ந்து தீ தானாக அணைந்ததும், விழுந்தவன் மூக்கு கதவிடுக்கின் பக்கம் இருந்ததும்தான் காரணம் என்றார் மருத்துவர். அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் இருக்காது என்றார். ஓலாவ் வந்து புகைக்கதவின் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டு, கழியால் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

மாரித் மேலே வந்து ஸ்டைனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூச்சல் வரலேன்னதும் மனசுல பட்டிருக்கே உங்களுக்கு. ஓடிப் போயிருக்கீங்களே. ரத்தம்னா சும்மாவா?"

ஸ்டைனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடையில், சர்ச்சில், பால் லாரி வந்து நிற்கிற இடத்தில், எல்லோரும் அதையே சொன்னார்கள். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

மாரித் போன பிறகு குன்வோர் கோப்பைகளைக் கழுவினாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நீ சிரிச்சுக்கிட்டே போனே."

அவன் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டைனார் டிராக்டரில் கீழே போய் அண்டாவைச் சாற்றோடு ஏற்றிக்கொண்டு வந்தான். சாற்றின் ஓரம் உறைந்திருந்தது, குளிரில் கெடவில்லை. தன் அடுப்பில் ஏற்றி, பூனையை விரட்டிவிட்டு, பிர்ச் மர விறகு வைத்து மூட்டினான். அடியிலிருந்த கரியை அதற்கு முன்பே மோரும் மணலும் போட்டுத் தேய்த்திருந்தான். புகைக்கதவும் கதவும் திறந்திருந்தன. ஹெல்கே இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பேசினால் மூச்சு வாங்கியது.

"தண்ணியாவா இருக்கு இன்னும்?"

ஸ்டைனார் அகப்பையில் மொண்டு குடித்தான். "இல்ல. அன்னைக்கும் தண்ணியா இல்ல."

ஹெல்கே அவனைப் பார்த்தான்.

"தெரியும்ணே," என்றான் ஹெல்கே. "எனக்குத் தலைவலிதான். நாக்குல கோளாறு இல்ல. நீ சொன்னியேன்னு வத்த விட்டேன்."

ஆறியதும் ஹெல்கேயின் ஈஸ்டை ஸ்டைனார்தான் ஊற்றினான். "என்னால முடியாது. நீ கத்து. நல்லா கத்து," என்றான் ஹெல்கே. ஸ்டைனார் கத்தினான். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பாவின் குரல். எதிர்க்கரையில் கேட்டவர்கள், ஹெல்கே தேறிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

தோமா நாளில் ஆட்கள் முதலில் கீழே போனார்கள். நான்கு நாள் பீர், இன்னும் இளசு. ஆனாலும் கிண்ணம் கையிலிருந்து இறங்கவில்லை. அப்பா பீரைவிட ஒரு படி மேலே என்றார் எதிர்க்கரை முதியவர் ஒருவர். ஹெல்கே, "இது அண்ணன் கொதிக்கவச்சது, அண்ணன் ஈஸ்ட் ஊத்தினது, அண்ணன் அடுப்பு," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். பெருமையை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறான் பார், தங்கமான மனசு என்று அதற்கும் அவனைப் புகழ்ந்தார்கள். பிறகு மேலே ஏறி வந்து, ஸ்டைனாரைக் கட்டிப்பிடித்து, தம்பியைக் காப்பாற்றியவன் என்று முதுகில் தட்டிவிட்டு, அவன் பீரில் ஆளுக்கொரு வாய் குடித்து, நல்லாத்தான் இருக்கு என்றார்கள்.

வசந்தத்தில் ஹெல்கே அடுப்பின் பின்கல்லை மாற்றினான். கேஸ் பர்னர் இப்போது வெளியே, தகர மறைப்புக்குள் இருக்கிறது. கோடையில் பால்கேன் கழுவ வெந்நீர் போடுகிறார்கள். ஸ்டைனாரின் பீப்பாயில் பாதி ஈஸ்டர் வரை மிச்சமிருந்தது. அதைக் கன்றுகளுக்கு ஊற்றினார்கள்.